பச்சை டிக் விழுந்த தேதிகள்

"உன் அக்கார்டியனைக் கொண்டுபோய்க் கடல்ல போடு! ஆனா அதுக்கு முன்னால என் கொட்டகையைக் காலி பண்ணு!"

"என்ன விஷயம்னு சொல்லிட்டுக் கத்துய்யா! காலங்காத்தால கோட்டும் டையும் மாட்டிக்கிட்டு வந்து ஒருத்தனைத் திட்டறதுக்கு ஒரு காரணம் வேணாமா?"

"காரணமா? என்கிட்டயே காரணம் கேக்கறியா? ஊரே தெர்கெல் வீட்டு வாசல்ல நின்னு பாடுது. நீ அங்க பொட்டி வாசிக்கிறே. என் வீட்டு வாசல்ல ஒரு காக்கா கூட இல்ல. ஒரு ருபார்ப் செடிப் பாத்திக்காக இப்படியா பழி வாங்குவே?"

"ருபார்ப்பா? அது போன வசந்தத்துல நடந்தது! அதுவும் நான் மிதிக்கல!"

மாரென் சமையலறைக் கதவருகே சூடான ரொட்டிக் கூடையோடு நின்றாள். தெர்கெல் வீட்டு வெள்ளிவிழாவுக்கு எடுத்துப்போக வேண்டிய ரொட்டி. புருஷன் நிஸ் முற்றத்தில் அக்கார்டியனை மார்பில் மாட்டியபடி நின்றான். கூடுதல் நாற்காலி எடுக்க வந்தவனை எதிர்வீட்டு ஆங்கர் வழியிலேயே பிடித்துக்கொண்டான். ஆங்கர் கத்துவது புதிதல்ல. மாரென் பார்த்தது அவன் உடுப்பைத்தான். கருநீலக் கோட்டு. சட்டைப்பையில் ஒரு வெள்ளை ரோஜா. ஆகஸ்ட் மாதம், பார்லி அறுப்புக்கு நிற்கும்போது, ஸ்கோவ்புல் ஊரில் ஒருத்தன் காலையில் கோட்டு போட்டால் ஒன்று சாவு, இல்லை வேறு ஏதோ பெரிய விஷயம்.

"ஆங்கர், இன்னிக்கு என்ன?" என்று கேட்டாள்.

கேட்கக் கூடாத கேள்வி அது ஒன்றுதான். ஆங்கரின் கழுத்து காலரிலிருந்து காதுவரை சிவந்தது.

"இன்னிக்கு என்னவா? எனக்கும் உல்லாவுக்கும் கல்யாணமாகி இன்னியோட இருபத்தஞ்சு வருஷம். வேற ஒண்ணும் இல்ல. நீங்க போங்க, போய்ப் பாடுங்க. சாயங்காலத்துக்குள்ள உங்க நாற்காலி, மேஜை, கூடாரம், முள்ளு, கரண்டி எல்லாம் என் கொட்டகையை விட்டு வெளியில இருக்கும். ரோட்டுல!"

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். அவன் வீட்டு மாடிச் சன்னலில் திரை லேசாக ஆடி நின்றது. உல்லா அங்கே இருந்தாள் என்பதற்கு அதுவே சாட்சி.

விஷயத்தின் கனம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. இந்த ஆல்ஸ் தீவில் ஒரு தம்பதிக்கு வெள்ளிவிழா என்றால், முந்தின நாள் சாயங்காலம் அக்கம்பக்கத்தார் ஸ்ப்ரூஸ் மரக் கிளை வெட்டிவந்து வாசலில் பச்சை வளைவு கட்டுவார்கள். உள்ளே இருக்கும் தம்பதி திரையை இழுத்துவிட்டு, சுத்தியல் சத்தம் காதிலேயே விழாத மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். விடிந்ததும் ஊரார் வாசலில் நின்று பாடுவார்கள். தம்பதி கதவைத் திறந்து, "ஐயோ, இது எங்களுக்கா?" என்று வாயைப் பிளக்க வேண்டும். பிறகு எல்லாருக்கும் காப்பி, ரொட்டி, கசப்புச் சாராயம். "எங்களுக்கு ஆர்ப்பாட்டம் ஒண்ணும் வேணாம்" என்று தம்பதி ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பதும் ஒரு முறை. அப்படிச் சொல்லிவிட்டு, யார் யார் வந்தார்கள் என்று எண்ணுவார்கள். வளைவு கட்டப்படாத வீடு என்றால் ஊருக்கு வேண்டாத வீடு என்று அர்த்தம். அந்தப் பேச்சு பிள்ளைகள் காலம்வரை ஓடும்.

நிஸ்ஸுக்கும் மாரெனுக்கும் இதுதான் பிழைப்பு. கூடாரம், மேஜை, நாற்காலி, பீங்கான், அந்த வளைவுக்கான இரும்புச் சட்டம், எல்லாம் வாடகைக்கு விடுவார்கள். சாமான்களை வைத்திருந்தது ஆங்கரின் கொட்டகையில். அதற்கு எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாத்து கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஊரில் ஒழுகாத கொட்டகை என்று இருந்தது அது ஒன்றே. மற்றவற்றையெல்லாம் விடுமுறைக்கு வருகிறவர்களுக்காகச் சன்னலும் அடுப்பும் வைத்துக் குடிலாக்கிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை இரண்டு கல்யாணமும் தீயணைப்புச் சங்க விருந்தும் இருந்தன. கொட்டகை போனால் கடையை மூட வேண்டியதுதான்.

"எல்லாம் உன் கம்ப்யூட்டர் மெஷினால!" என்றான் நிஸ், ஆங்கர் தலை மறைந்ததும்.

"என் மெஷினா? 'பழசு போதும், புதுசு எதுக்கு'ன்னு நீ ஒரு வார்த்தை சொன்னியா? விசைப்பலகைகூட நீதானே வாங்கிட்டு வந்தே!"

"விசைப்பலகைதான் வாங்கினேன். ஆங்கர் பேரை நான் அழிக்கலயே!"

"யாரும் அழிக்கல. இரு, பாத்துட்டு வரேன். நீ போய் வாசி. பாட்டு நின்னா சந்தேகம் வரும்."

கூடையைத் திண்டில் வைத்துவிட்டு அலுவலக அறைக்குப் போனாள். அலுவலகம் என்றால் முன்பு பால்பாத்திரம் வைத்திருந்த அறைதான். மாரென் அங்கே உட்கார்ந்துதான் அக்கம்பக்கத்து ஊர்களின் கல்யாணத் தேதிகளையெல்லாம் காத்து வந்தாள். யாருக்காவது நாள் நெருங்கினால் ஒரு வாரம் முன்பு பக்கத்து வீடுகளுக்குப் போன் போடுவாள்: "கிளை வெட்டணும், மறந்துடாதீங்க." போன் வந்தால்தான் ஊர் எழுந்திருக்கும். அவள் இதைச் சேவையாகச் செய்தாள் என்றுதான் சொல்லிக்கொள்வாள். வளைவும் நாற்காலியும் கூடவே வாடகைக்குப் போயின என்பது தனி.

இந்த ஜூலையில், நாடே விடுமுறையில் கிடந்தபோது, பழைய விவரங்களையெல்லாம் புதிய சாஃப்ட்வேரில் ஏற்றினாள். பழைய புரோகிராமை எழுதிக்கொடுத்தது சோனர்போர்க் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர். நல்ல மனிதர், அவர் செய்த புரோகிராமும் அவரைப் போலவே எதையும் மறுக்காது. எந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். புதியது அப்படியில்லை. தேதிக் கட்டத்தில் தேதிதான் இருக்க வேண்டும், எண்ணிக்கைக் கட்டத்தில் எண்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தது. சிவப்பு சிவப்பாக வரிகள் விழுந்தன. கோபன்ஹேகனிலிருந்து மால்தே என்கிற பையன் போனில் வழிகாட்டினான். பையன் என்பது மாரென் வைத்த பேர், முப்பது தாண்டியவன்.

"மாரென், நாற்காலி எண்ணிக்கையில 'ரெண்டு டிரெய்லர் நிறைய'ன்னு இருக்கு."

"அது நிஸ் போட்டது. ரெண்டு டிரெய்லர்தானே போச்சு?"

"எண் வேணும்."

"எண் எப்படித் தெரியும்? ஏத்தினவன் எண்ணல, இறக்கினவனும் எண்ணல."

"சரி. போன் நம்பர் கட்டத்துல ஒருத்தருக்கு 'பால் கறந்தப்புறம் கூப்பிடு'ன்னு இருக்கு. நம்பரையே காணோம்."

"அவன் வீட்டுல போன் அடிச்சா மாடு உதைக்கும். நம்பரை விட அதுதான் முக்கியம்."

"கல்யாணத் தேதியில ஒரு வீட்டுக்கு 'கேக்காதே'ன்னு எழுதியிருக்கு."

"அங்க கேக்கக் கூடாது. அப்படியே விடு."

"அப்படியே விட முடியாது, மாரென். அதுக்குத் தேதி வேணும், இல்லன்னா வெறுமையா இருக்கணும்."

இப்படியே இரண்டு வாரம். கடைசியில் மிஞ்சியது தேதிக் கட்டம் மட்டும். பாதிக்கு மேல் சிவப்பு. ஒவ்வொன்றாகத் திருத்துங்கள் என்று மால்தே சொன்னான். மாரென் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். சின்ன வெங்காய ஊறுகாய் தின்றுகொண்டே திருத்தினாள். சிவப்பெல்லாம் போய்க் கடைசியில் ஒரு பெரிய பச்சை டிக் விழுந்தது. பிழை ஒன்றுமில்லை என்றது சாஃப்ட்வேர். அன்று சாயங்காலம் நிஸ்ஸைக் கூப்பிட்டு அந்த டிக்கைக் காட்டினாள். அவனும் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தான். இனி போன் செய்யவேண்டியதுகூட இல்லை. அதுவே நாள் பார்த்து அக்கம்பக்கத்தாருக்குச் செய்தி அனுப்பிவிடும். ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையை மாரென் அன்றோடு இறக்கிவைத்தாள்.

இப்போது ஆங்கரின் பெயரைத் தட்டினாள். நவம்பர் எட்டு என்று காட்டியது. தெர்கெலைத் தட்டினாள். ஆகஸ்ட் பதினொன்று. இரண்டுக்கும் பக்கத்தில் பச்சை டிக்.

இதில் யாரை நம்புவது? ஆங்கருக்கு இது இரண்டாம் கல்யாணம், பெரிய கூட்டமில்லாமல் நகரசபை அறையில் முடித்துக்கொண்டு வந்தவன். தெர்கெல் கல்யாணம் நடந்தது பெண் ஊரில், ஃபூன் தீவில். இரண்டையும் நேரில் பார்த்தவர்கள் ஊரில் யாரும் இல்லை. தெர்கெல் தன் தேதியில் சந்தேகம் எதுவும் எழுப்பவில்லை. வாசலில் நின்று முதல் பாட்டிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டவன் அவன்.

வெள்ளிவிழாப் பெண்ணிடம் போய் "உனக்கு இன்னிக்குத்தானா?" என்று எப்படிக் கேட்பது? ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மாரென் தெர்கெல் வீட்டுப் பின்வாசல் வழியாகப் போனாள்.

முன்வாசலில் கூட்டம் இரண்டாம் சுற்றுச் சாராயத்தில் இருந்தது. தெர்கெலின் மனைவி டோவா சமையலறையில் தனியாக, உறைந்த மீனைக் கத்தியால் பெயர்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் விருந்துக்கு வேறு ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது. மேஜைமேல் ஒரு செவந்திக் கொத்து, பிளாஸ்டிக் உறையோடு. பக்கத்தில் ஒரு அட்டை.

"அழகான பூ," என்றாள் மாரென்.

"பெட்ரோல் பங்குல வாங்கினது," என்றாள் டோவா தலை நிமிராமல். "விடியறதுக்கு முன்னால சத்தமில்லாம வண்டியை எடுத்துட்டுப் போனாரு. வந்து குடுத்து, 'உனக்காக ஒரு மாசமா ஒளிச்சு வச்சிருந்தேன்'னாரு. அந்த அட்டை கார் கழுவறதுக்கு. தங்க வகுப்புக் கழுவலுக்காம். மெழுகும் போடுவாங்களாம்."

"ஓ."

"என்கிட்ட கார் கிடையாது, மாரென்."

மாரென் கதவைச் சாத்தினாள். "டோவா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. உங்க கல்யாணத்தன்னிக்கு வானம் எப்படி இருந்துச்சு?"

டோவாவின் கத்தி நின்றது. அவள் மாரெனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. தண்ணீரில் தத்தளிக்கிறவள் கரையில் ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது.

"சாய்மழை," என்றாள். "பனியும் மழையும் சேர்ந்து. சர்ச்சுக்குப் போற வழியில என் வெள்ளைச் செருப்பு சேத்துல போச்சு. மூணு மணிக்கே விளக்கு ஏத்தினாங்க. ஆகஸ்ட்ல மூணு மணிக்கு எதுக்கு விளக்கு ஏத்தப் போறாங்க? சொல்லு. நேத்து சாயங்காலம் நீங்கெல்லாம் வந்து சுத்தியல் அடிச்சப்போ நான் திரைக்குப் பின்னால உக்காந்து விரல் விட்டு எண்ணிக்கிட்டிருந்தேன். எங்கம்மாவுக்கு அறுபது தாண்டி மறதி வந்துச்சு. எனக்கு அதுக்கு முன்னாலயே வந்துடுச்சுன்னு நெனச்சேன். அவரு பக்கத்துல உக்காந்து, 'எல்லாம் எனக்குத் தெரியும், நான்தான் அவங்ககிட்ட சொன்னேன்'னு தலையாட்டறாரு. அவருக்கே ஞாபகம் இருக்கு, எனக்கு இல்லன்னா..."

"நவம்பர் எட்டா?"

"நவம்பர் எட்டு!" டோவா கத்தியை மீனோடு சேர்த்து வைத்தாள். "அப்ப எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கா?"

"உனக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு. உன் சரக்கறையில நின்னு ஒரு போன் பண்ணிக்கவா?"

ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே நின்று மால்தேவைக் கூப்பிட்டாள். அவன் எதையோ மென்றுகொண்டே எடுத்தான்.

"மால்தே, நவம்பர் எட்டு எப்படி ஆகஸ்ட் பதினொண்ணாகும்?"

மெல்லும் சத்தம் நின்றது.

"எட்டு, பதினொண்ணு... பதினொண்ணு, எட்டு," என்றான் மெதுவாக. "மாரென், ஏத்தறதுக்கு முன்னால ஒரு மாதிரி வரி காட்டி, 'தேதி சரியா வருதா?'ன்னு கேட்டுச்சே. நீங்க என்ன அழுத்தினீங்க?"

"சரின்னு அழுத்தினேன். சரியாத்தான் இருந்துச்சு."

"எந்தத் தேதியைக் காட்டுச்சு?"

"முதல் வரி எங்க கல்யாணம். ஜூன் ஆறு. ஆறு, ஆறு."

"ஐயோ, மாரென்."

"என்ன ஐயோ?"

"ஆறு ஆறை எந்தப் பக்கம் படிச்சாலும் ஆறு ஆறுதான். அது அமெரிக்காக்காரன் மாதிரி மாசத்தை முன்னாலயும் நாளைப் பின்னாலயும் வச்சுப் படிச்சிருக்கு."

"அப்ப பாதி வரி சிவப்பாக் கத்துச்சே?"

"இருபத்தேழாவது மாசம்னு ஒண்ணு கிடையாதில்ல? அதான் கத்துச்சு. பன்னெண்டுக்குள்ள இருந்த நாளெல்லாம் மாசமா மாறிப் பேசாம உள்ள போய் உக்காந்துடுச்சு. அதுக்கு அது நல்ல தேதிதான். பச்சை குடுத்துடுச்சு."

"அப்ப நான் ஊறுகாயும் கையுமா உக்காந்து திருத்தினது?"

"அதெல்லாம் இப்ப சரியா இருக்கு. நீங்க தொடாததுதான் தப்பு." மால்தே பெருமூச்சு விட்டான். "என் தப்பும்தான். சிவப்பு வந்தப்பவே ஏன்னு பாத்திருக்கணும். ஒண்ணொண்ணாத் திருத்துங்கன்னு சொன்னது நான்தானே. சரி, நாள் பன்னெண்டுக்குள்ள இருக்கறதையெல்லாம் திருப்பிப் போட்டுடலாம். சின்ன வேலை."

"ஆங்கரை யார் திருப்பிப் போடறது?" என்றாள் மாரென்.

"யாரு ஆங்கர்?"

"கொட்டகைக்காரன்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஆங்கர் சொன்னதைச் செய்கிறவன். மாரென் அவன் முற்றத்துக்கு வந்தபோது கொட்டகைக் கதவு அகலத் திறந்திருந்தது. மடக்கு நாற்காலிகள் புல்மேல் வரிசை வரிசையாக வெளியே வந்திருந்தன. கோபத்தில் எறிந்திருந்தாலாவது மனசு ஆறும். அவன் ஒவ்வொன்றாக விரித்து, நேராக நிறுத்தியிருந்தான். கோட்டைக் கழற்றவில்லை. ரோஜா மட்டும் தலை தொங்கிவிட்டது. ஜெர்மனிக் கரைப்பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

"ஆங்கர், கொஞ்சம் நில்லுய்யா. தப்பு என்னோடது. நிஸ்ஸுக்கு ஒண்ணும் தெரியாது." மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நாள் மாசமானது, மாசம் நாளானது, ஆறு ஆறு, பச்சை டிக்.

ஆங்கர் இரண்டு கையிலும் இரண்டு நாற்காலியோடு நின்று கேட்டான்.

"ஆக, எனக்கு நவம்பர்ல கல்யாணம்னு மெஷின் சொல்லுச்சு. நீ நம்பிட்டே."

"ஆமா."

"எத்தனை வருஷமா எதிர்வீட்டுல இருக்கே? எங்க வீட்டுல எந்தத் திரையைத் தோய்ச்சாங்கன்னு உனக்குத் தெரியும். என் பொண்ணு எத்தனை மணிக்கு வீடு வர்றாள்னு தெரியும். இது தெரியாதா?"

மாரென் ஏற்கெனவே நேராக நின்ற ஒரு நாற்காலியை இன்னும் நேராக்கினாள்.

சமையலறைச் சன்னல் திறந்தது. உல்லா எட்டிப் பார்த்தாள். முடியை ஏற்றிக் கட்டி, வெள்ளித் தோடு போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மேஜை முழுக்கக் கேக். மெத்தென்றது ஏழு, மொறுமொறுவென்றது ஏழு. கறுப்பு ரொட்டியைப் பொடித்துச் செய்த அடுக்குக் கேக் நடுவில் கோபுரம் மாதிரி இருந்தது.

"மாரென், யாராவது வர்றாங்களா, இல்ல இதையெல்லாம் ஃப்ரீசர்ல வைக்கட்டுமா?" என்றாள். "ஆர்ப்பாட்டம் வேணாம்னு இந்த மனுஷன் சொன்னாரு. நிஜமாவே நம்பிட்டீங்களோன்னு பாத்தேன்."

"நீ உள்ள போ உல்லா," என்றான் ஆங்கர். "கெஞ்சி வாங்கற வெள்ளிவிழா நமக்கு வேணாம்." அடுத்த இரண்டு நாற்காலிக்குக் கொட்டகைக்குள் போனான்.

மாரென் ஓடாத குறையாகத் திரும்பினாள். தெர்கெல் வீட்டு வாசல்படிமேல் ஏறி நின்று, நிஸ்ஸின் அக்கார்டியனைக் கையால் அமுக்கினாள். அது பூனை மிதிபட்ட மாதிரி ஒரு சத்தம் போட்டு ஓய்ந்தது.

"எல்லாரும் கேளுங்க. இன்னிக்கு வெள்ளிவிழா இந்த வீட்டுல இல்ல. ஆங்கர் வீட்டுல."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. மாரென் கதையைச் சொன்னாள். இம்முறை கொஞ்சம் சுருக்கமாக.

"என்ன உளறல் இது?" என்று தெர்கெல் முன்னால் வந்தான். மீசையில் நுரை. "என் கல்யாணம் எனக்குத் தெரியாதா? இன்னிக்குத்தான். நல்ல வெயில். நேத்து மாதிரி இருக்கு."

டோவா மீன் வாடையோடு வெளியே வந்து அவன் எதிரில் நின்றாள். "தெர்கெல், எல்லார் முன்னாலயும் சொல்லு. நமக்கு என்னிக்குக் கல்யாணம்?"

தெர்கெல் கூட்டத்தைப் பார்த்தான். வளைவைப் பார்த்தான். வளைவின் உச்சியில் வெள்ளித்தாளில் வெட்டிய இருபத்தைந்து காற்றில் சுழன்றது.

"கம்ப்யூட்டர்ல இருக்கறதை நான் எப்படி மறுக்கறது?" என்றான்.

அந்த ஒரு பதிலுக்குப் பிறகு டோவா அவனிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக வளைவிடம் போய் ஒரு காலைப் பிடித்தாள். "வாங்க, தூக்குங்க. இது நம்ம வீட்டு வளைவு இல்ல. சாராயத்தையும் எடுத்துக்குங்க, அதுவும் திறந்தாச்சு."

ஸ்கோவ்புல் ஊரில் அப்படி ஒரு ஊர்வலத்தை யாரும் பார்த்ததில்லை. எட்டுப் பேர் இரும்பு வளைவைத் தோளில் சுமந்துபோக, பச்சைக் கிளைகள் வழியெல்லாம் உதிர்ந்தன. நிஸ் பின்னால் வாசித்துக்கொண்டு வந்தான். பேருந்து ஓட்டுநர் ஒருத்தர் வண்டியை ஓரங்கட்டித் தொப்பியைக் கழற்றினார். சாவு ஊர்வலம் என்று நினைத்தாரோ என்னவோ.

ஆங்கர் கொட்டகையிலிருந்து வெளியே வந்தபோது வளைவு அவன் வாசலில் நின்றது. அதற்குப் பின்னால் அறுபது பேர். "போங்க எல்லாரும்" என்று வாயைத் திறப்பதற்குள் பாட்டு ஆரம்பமாகிவிட்டது. பாட்டு ஆரம்பித்தால் முடியும்வரை தம்பதி வளைவுக்கடியில் அசையாமல் நிற்க வேண்டும். எவ்வளவு கோபக்காரனும் இதில் கை வைத்ததில்லை. உல்லா ஏப்ரனை அவிழ்த்துச் சன்னல் வழியே உள்ளே எறிந்துவிட்டு வந்தாள். புருஷனை முழங்கையில் பிடித்து இழுத்து வளைவுக்கடியில் நிறுத்தினாள். நாற்காலிகள் இன்னும் அவன் இரண்டு கையிலும் இருந்தன.

பாட்டில்தான் ஒரு சங்கடம். அது தெர்கெலுக்காக ஊரார் கட்டிய பாட்டு. அச்சடித்த தாள் எல்லார் கையிலும் இருந்தது. புதுசாகக் கட்ட நேரமில்லை. பெயர் வரும் இடத்தில் மட்டும் ஆங்கர் என்று மாற்றிக்கொண்டார்கள். முதல் அடியில் ஆங்கர் தீயணைப்பு வண்டியைப் படகுத்துறையில் இறக்கிக் கடலுக்குள் ஓட்டினான். இரண்டாம் அடியில் ஆங்கரின் பன்றிகள் வேலியை உடைத்துக்கொண்டு சர்ச்சுக்குள் போயின.

"எனக்கு ஒரு பன்னிகூடக் கிடையாது!" என்று ஆங்கர் கத்தினான்.

யாரும் நிறுத்தவில்லை. பாட்டில் இருந்தது, பாடினார்கள். மூன்றாம் அடியில் ஆங்கரின் அழகான மீசையைப் பற்றி நீளமாக வந்தது. ஆங்கருக்கு மீசையே கிடையாது. வாழ்நாளில் வைத்ததும் இல்லை. உல்லாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று முன்வரிசைக்காரர்கள் பயந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, தோடு ஆட ஆட. கூட்டத்தில் நின்ற தெர்கெல் தன் மீசையைத் தடவிக்கொண்டே உரக்கப் பாடினான். நாலாம் அடி பெண்டாட்டியின் பொறுமையைப் பற்றியது. அதில் மாற்ற ஒன்றும் இருக்கவில்லை.

பாட்டு முடிந்தபோது ஆங்கரின் முகம் ஒரு தினுசாக இருந்தது. நாற்காலிகளைக் கீழே வைத்தான். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினான். பிறகு, முறைப்படி, "ஐயோ, இது எங்களுக்கா?" என்றான்.

உட்கார இடம் தேட வேண்டியிருக்கவில்லை. நாற்காலிகள்தான் ஏற்கெனவே புல்மேல் வரிசையாக நின்றனவே. உல்லா கேக்குகளை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பினாள். மொறுமொறு ஏழையும் தாண்டி மெத்தென்றதில் மூன்றாவதுக்கு வந்தபோது நிஸ் தன் தட்டோடு ஆங்கர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அந்த ருபார்ப்..." என்றான். "லாரியைப் பின்னால எடுக்கறப்போ நான்தான்."

"தெரியும். டயர் தடம் இருந்துச்சு."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"நீ சொல்வேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்," என்றான் ஆங்கர், கேக்கைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் மழை வந்தது. சொட்டுச் சொட்டாகக்கூட இல்லை, கொட்டியது. பெண்கள் கேக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். ஆண்கள் சாராயத்தைத் தூக்கிக்கொண்டார்கள். ஆங்கர்தான் முதலில் ஓடினான். கொட்டகைக் கதவை விரியத் தள்ளி, வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினான்.

"உள்ள வாங்க! எல்லாரும் உள்ள வாங்க! நாற்காலியை விட்டுட்டு வராதீங்கய்யா, நனைஞ்சு போகுது! ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டு வாங்க!"

அறுபது பேரும் ஆளுக்கொரு நாற்காலியோடு கொட்டகைக்குள் நுழைந்தார்கள். ஒருத்தரைக்கூட அவன் வெறுங்கையோடு உள்ளே விடவில்லை. மாரென் கடைசியாகப் போனாள், இரண்டு நாற்காலியோடு. அவன் அவள் கையிலிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டான். அதை எப்போதும் இருக்கிற மூலையில் மடக்கிச் சாய்த்தான்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாத்து போனது.

மால்தே செப்டம்பரில் தன் தப்பைப் பார்க்க நேரிலேயே வந்தான். தேதிகளைத் திருப்பிப் போட்டு முடித்த பிறகும் எதற்கோ ஒரு வாரம் தங்கினான். ஆங்கரின் மகள் ஸிக்னெ வேலை முடிந்து எத்தனை மணிக்கு வருகிறாள் என்பது அதற்குள் அவனுக்கும் தெரிந்துவிட்டது. இரண்டாம் வருஷம் இரண்டு பேருக்கும் கல்யாணம். கோபன்ஹேகன் பிடிக்கவில்லை என்று இங்கேயே தங்கிவிட்டான்; மாமனாரோடு நாற்காலி எண்ணுவது பற்றி வாரத்துக்கு ஒரு சண்டை.

டோவா வசந்தகாலத்தில் ஓபன்ரோவில் தங்கை வீட்டு மாடிக்குக் குடிபோனாள். தெர்கெல் பன்றிகளை விற்றுவிட்டு, பெந்தெகொஸ்தே பண்டிகை கழிந்ததும் பின்னாலேயே போனான். அவளாகக் கூப்பிட்டாளா, இவனாகப் போனானா என்பதில் ஊர் இரண்டு கட்சி. அவர்கள் வீட்டை ஃப்ளென்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஒரு ஜெர்மன்காரனும் அவன் கூட இருக்கிறவளும் வாங்கினார்கள். மாரென் முதல் நாளே ரொட்டியோடு போய், பெயரைக் கேட்பதற்கு முன்னால் கல்யாணத் தேதியைக் கேட்டாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, சும்மா சேர்ந்து இருக்கிறோம், பதினெட்டு வருஷமாக, என்றார்கள். மாரென் அதற்கப்புறமும் ரொட்டி கொண்டுபோவதை நிறுத்தவில்லை. போகும்போதெல்லாம், "ஏதாவது முடிவு பண்ணீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வருவாள். அடுத்த கோடையில் அவர்கள் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். அன்பு முற்றியதால் என்று அவர்கள் சொன்னார்கள். ஊரில் யாரும் அப்படி நம்பவில்லை.